அண்ணன் பார்க்காத படம்

அந்தப் படம் சரியான அறுவை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்காக மாதக்கணக்கில் தொண்டை கிழியச் சண்டை போட்டவர்களில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை. ஒரு துறவி நடக்கிறார். மலைமேல் நடக்கிறார், ஆற்றோரம் நடக்கிறார், நின்று வானத்தைப் பார்க்கிறார், மறுபடி நடக்கிறார். பின்னணியில் யாரோ புல்லாங்குழலை விடாமல் ஊதுகிறார்கள். தியேட்டரில் பாதியில் எழுந்து போனவர்கள் கழிப்பறைக்குத்தான் போகிறார்கள் என்று நினைத்தேன். அவர்கள் திரும்பி வரவே இல்லை. இந்தப் படத்துக்காகத்தான் என் ஒரே அண்ணன் என் வீட்டு வாசலை மிதிப்பதை விட்டார்.

நாங்கள் இருப்பது தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளில். மேல் லயத்தில் அண்ணன் வீடு, கீழ் லயத்தில் எங்கள் வீடு, நடுவில் கோயில். முன்பெல்லாம் இரண்டு லயத்திலும் தமிழ்க் குடும்பங்கள்தான். இப்போது ஏழெட்டு வீடுகள் மிஞ்சியிருக்கின்றன. மற்றதில் பங்களாதேஷ், நேப்பாளப் பையன்கள் இருக்கிறார்கள். அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எனக்குப் பிறந்த வீடு என்று இருந்தது அண்ணன் ஒருவர்தான்.

அண்ணனும் என் வீட்டுக்காரரும் ஒரே மெஷினில் வேலை செய்தார்கள். கொழுந்து வெட்டும் மெஷின் அது. செடி நிரைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். பின்னால் ஒருவர் கொழுந்துப் பையைத் தூக்கிக்கொண்டு வருவார். பிடித்திருப்பவர்களில் ஒருவர் கொஞ்சம் முந்தினாலும் வெட்டு கோணலாகிவிடும், செடியின் கட்டை சீவிப் போகும், கங்காணி கத்துவார். மச்சானும் மாப்பிள்ளையுமாக அந்த மெஷினைப் பிடித்துப் பல வருஷம் மலை மலையாக ஏறி இறங்கியவர்கள். வேலை முடிந்ததும் அண்ணன் நேராக என் வீட்டுக்கு வந்து ஒரு டீ குடித்துவிட்டுத்தான் மேல் லயத்துக்கு ஏறுவார். தேயிலைத் தோட்டத்தில் டீக்கா பஞ்சம்? அண்ணி போடும் டீ நன்றாகவே இருக்கும். ஆனாலும் என் வீட்டில்தான் குடிப்பார்.

அண்ணன் ஒரு காலத்தில் மோசமாகக் குடித்தவர். சம்சுச் சாராயம் குடித்துவிட்டுச் சாக்கடையில் கிடந்தவரை நானும் அண்ணியும் இழுத்து வந்து முற்றத்தில் போட்டிருக்கிறோம். யார் சொல்லியும் நிற்கவில்லை. ஈப்போவில் தைப்பூசத்துக்குப் போனபோது யாரோ கையில் திணித்த ஒரு சாமியாரின் படத்தோடு திரும்பி வந்தார். தமிழ்நாட்டில் எப்போதோ வாழ்ந்து சமாதியான துறவியாம். காடு கரை, வீடு வாசல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிளம்பினவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லையாம். அது அண்ணனுக்கு எங்கேயோ போய்த் தைத்திருக்கிறது. அந்தப் படத்தைக் கோயிலில் வைத்து, கற்பூரம் ஏற்றி, எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, இனி தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தார். அதற்குப் பிறகு ஒரு சொட்டு குடித்ததில்லை. வெள்ளிக்கிழமை பஜனையில் அந்தச் சாமியாருக்கும் ஒரு பாட்டு சேர்ந்துகொண்டது.

அப்படி இருக்கும்போதுதான் அந்தச் சாமியாரின் கதையை யாரோ படமாக எடுத்துத் தொலைத்தார்கள். முதலில் வாட்ஸ்அப்பில் ஒரு ஆள் கத்திக்கொண்டு வந்தான். சாமி துறவை விட்டுவிட்டுத் தங்கச்சி வீட்டுக்குத் திரும்பிப் போய்ச் சோறு கேட்பதாகக் காட்டியிருக்கிறார்கள், இது அவமானம், தடை செய்ய வேண்டும் என்றான். பிறகு ஆளாளுக்குக் கத்தினார்கள். எவனும் படத்தைப் பார்த்திருக்கவில்லை. தானா ராத்தா டவுனில் நாங்கள் வழக்கமாக ரொட்டி சானாய் சாப்பிடும் கடையிலும் ஒரு மேசையில் இதே வாக்குவாதம். தே தாரிக் டீயைத் தூக்கித் தூக்கி ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர், "படம் நல்லாருக்காண்ணே?" என்று கேட்டார். மேசையில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. அதனாலெல்லாம் சண்டை நிற்கவில்லை.

அண்ணன் கத்தவில்லை. அவர் முகம்தான் செத்துப் போனது. டீயைக் கையில் வைத்துக்கொண்டு, "விட்டவரு திரும்பிப் போனாருன்னு காட்டுனா நான் எதப் புடிச்சிக்கிட்டு நிக்கிறது, தங்கச்சி?" என்றார். அன்றைக்கு அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சினிமாக்காரன் நாலு காசு பார்க்க எதையாவது எடுப்பான் அண்ணே, விடுங்க என்றேன்.

அவர் விடவில்லை. அந்த வெள்ளிக்கிழமை பஜனை முடிந்ததும் எல்லோர் முன்னாலும் கற்பூரத்தை ஏற்றினார். "இந்தப் படத்தப் பாத்தவங்க வீட்டு வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்," என்று சொல்லி உள்ளங்கையால் அடித்து அணைத்தார். பூசாரி கையில் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். எங்கள் ஆட்கள் போலீஸ் ஸ்டேஷனில் சொன்னதை மாற்றிச் சொல்வார்கள், கோர்ட்டில்கூட மாற்றிச் சொல்வார்கள். கற்பூரம் அணைத்துச் சொன்னதை மாற்ற மாட்டார்கள். என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம் அது.

கல்யாணத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். எங்கள் வழக்கத்தில் கல்யாணப் பெண் தானாக வீட்டைவிட்டு இறங்கக்கூடாது. தாய்மாமன் வீட்டுக்குள் வந்து, மாலை போட்டு, கையைப் பிடித்து வாசற்படி தாண்டி அழைத்து வர வேண்டும். எனக்கும் என் மாமா அப்படித்தான் செய்தார். என் மகளுக்கு இருந்தது ஒரே மாமன். அவள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் அவளை முதலில் கையில் வாங்கியவரும் அவர்தான், அதுவும் குடிக்காமல் வந்து. அவர் என் மகளைக் கையைப் பிடித்து இறக்குவதைப் பார்க்க வேண்டும். எனக்கு அது போதும், வேறு ஆசை இல்லை.

சரி, இந்த மலையில் தியேட்டர் ஏது, யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

மாப்பிள்ளை வீடு ஈப்போவில். கூறைப் புடவை எடுக்க நானும் வீட்டுக்காரரும் போனோம். புடவை எடுத்து, சாப்பிட்டு முடித்ததும் சம்பந்தி சட்டைப் பையைத் தட்டிக்கொண்டு, "உங்களுக்கு ஒரு சர்ப்பிரைஸ்!" என்றார். மலையிலிருந்து வந்தவர்கள் தியேட்டரையே பார்த்திருக்க மாட்டோம் என்று நினைத்தாரோ என்னவோ, எல்லோருக்கும் டிக்கெட் எடுத்து வைத்திருந்தார். என்ன படம் என்று கேட்டேன். சொன்னார். அதே படம்தான். சம்பந்தி செய்கிற மரியாதையை வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? என்ன காரணம் சொல்வது? என் அண்ணன் சத்தியம் செய்திருக்கிறார் என்றால், உங்கள் வீட்டில் எல்லோரும் இப்படித்தானா என்று யோசிப்பார்கள். வீட்டுக்காரர் என் காதில், "உங்கண்ணனுக்கு யாரு சொல்லப் போறா? சும்மா வா லா," என்றார்.

படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரர் தூங்கிவிட்டார். டிக்கெட் எடுத்த சம்பந்தி அவர் தோளிலேயே சாய்ந்து தூங்கினார். சம்பந்தியம்மா போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மட்டும் கண்ணைக் கொட்டாமல் பார்த்தேன். என் அண்ணனை அப்படி ஆட்டி வைத்த குற்றம் எங்கே வருகிறது என்று தெரிந்தாக வேண்டும் எனக்கு.

வந்தது. துறவி ஒரு வீட்டுக்கு முன்னால் வந்து நிற்கிறார். தங்கச்சி வெளியே வருகிறாள். ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டு வருகிறாள். குடிக்கிறார். சொம்பைத் திருப்பிக் கொடுக்கிறார். வீட்டுக்குள் ஒருமுறை எட்டிப் பார்க்கிறார். போய்விடுகிறார். அவ்வளவுதான். சோறும் கேட்கவில்லை, உள்ளேயும் போகவில்லை. ஆனால் அந்த ஒரு காட்சியில் கேமராவை நகர்த்தாமல் அப்படியே வைத்துவிட்டு, படம் எடுத்தவர் டீ குடிக்கப் போய்விட்டார் போல. தண்ணீர் தொண்டையில் இறங்குவதைக்கூட நாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. போதும்பா, கிளம்பு என்று நான் வாய்விட்டே முனகினேன். பின்வரிசையில் எவனோ, "ஓட்டுப்பா," என்றான்.

திரும்பி வரும் வழியில், திரிங்காப்பில் காய்கறி லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தபோது வீட்டுக்காரரிடம் சத்தியம் வாங்காத குறையாகச் சொன்னேன். அண்ணனிடம் மூச்சு விடக்கூடாது. தலையை ஆட்டினார். தலையை ஆட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

அவர் கெட்டவர் இல்லை, வாய்தான் நிற்காது. படத்தில் ஒன்றுமே இல்லை என்று தெரிந்தால் மச்சான் சந்தோஷப்படுவார் என்று நினைத்திருக்கிறார். நல்ல செய்திதானே, அதை ஏன் வயிற்றுக்குள் வைத்திருக்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. மறுநாள் காலையிலேயே, மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது, நிரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தியிருக்கிறார்.

"மச்சான், ஒன்னுமே இல்ல மச்சான் அந்தப் படத்துல! சாமி வீட்டுக்குள்ள போகவே இல்ல. வாசல்ல நின்னு தண்ணி குடிச்சிட்டுப் போயிட்டாராம். உங்க தங்கச்சி பாத்துட்டுச் சொன்னா. நான் தூங்கிட்டேன் லா."

அண்ணன் மெஷினை நிறுத்தினாராம். தன் பக்கத்து முனையைச் செடிமேல் மெதுவாக இறக்கி வைத்தாராம். "ரெண்டு பேரும் போனீங்களா மாப்ள?" என்று மட்டும் கேட்டாராம். பிறகு மறுபடி மெஷினைத் தூக்கிக்கொண்டு நிரையை முடித்தார்களாம். கங்காணி பார்த்துக்கொண்டிருந்தார் அல்லவா.

அன்றைக்கு அண்ணன் டீ குடிக்க வரவில்லை. நான் போட்டு வைத்த டீ ஆறி ஆடை படிந்தது. வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிக்கொண்டே நடந்ததைச் சொன்னார். கையில் இருந்த கரண்டியை வீசினேன். அவர்மேல் படவில்லை. இன்னும் கொஞ்சம் குறி பார்த்திருக்கலாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் இதற்கு ஒரு பஞ்சாயத்து நடந்தது. தியேட்டரில் தூங்கியவர் படம் பார்த்தவரா இல்லையா? கண்ணு மூடியிருந்தா பாத்ததாகாது என்றார் பூசாரி. டிக்கெட்டக் கிழிச்சா பாத்ததுதான் என்றார் லோரி ஓட்டுகிற பக்கத்து வீட்டுக்காரர். காதுல புல்லாங்குழல் விழுந்துச்சா இல்லையா என்று ஒருவர் கேட்டார். குறட்டைதான் விழுந்தது என்றேன் நான். சிரிப்பு வந்தது எல்லோருக்கும். அண்ணனும் லேசாகச் சிரித்ததைப் பார்த்தேன். ஆஹா, முடிந்துவிட்டது, இன்று டீக்கு வந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "தங்கச்சி தூங்கலையே," என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனார்.

விடுவேனா? மறுநாள் மழையோடு மேல் லயத்துக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். ஒரு தேங்காயை உடைத்து, தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று சாமியிடம் கேட்டுக்கொண்டால் சத்தியம் கழிந்துவிடும் என்று பூசாரியே சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன். "செத்துப் போன சாமியாரு பெருசா, உங்க கையில வளந்த புள்ள பெருசா?" என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வலது கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கை நடுவில் தோல் வெள்ளையாக இருந்தது.

"இதே கையாலதான் ரெண்டு சத்தியமும். அது ஒன்னு, இது ஒன்னு. இதக் கழிச்சிக்கலாம்னா அதையும் கழிச்சிக்கலாம்னு மனசு சொல்லும், தங்கச்சி. எனக்கு என்னையத் தெரியும்." தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது. "மழ பேஞ்சா இன்னமும் நாக்கு கேக்குது," என்றார்.

இந்த மலையில் மழை பெய்யாத நாள் எது? அடுப்படிக் கதவோரத்தில் அண்ணி நின்றிருந்தார். என்னையே பார்த்தார். அந்தக் கண்ணில் இருந்தது எனக்கு நன்றாகப் புரிந்தது. கெஞ்சிக்கொண்டிருந்தார், விட்டுவிடு என்று. சாக்கடையிலிருந்து இழுத்து வந்தது நாங்கள் இருவரும்தானே. நான் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். வழியெல்லாம் அழுதேன். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம் அது, அதுதான் ஆகக் கேவலமானது.

கல்யாணத்து அன்று விடியற்காலையில் பனி மூட்டம். வேன் வந்து நின்றது. அண்ணன் வெள்ளை வேட்டியும் புதுச் சட்டையுமாக மாலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டுக்கு முன்னால் ஒரு சாக்கடை ஓடுகிறது. அதன்மேல் ஒரு சிமெண்டுப் பலகை. பலகைக்கு அந்தப் பக்கம் ரோட்டோரமாக நின்றுவிட்டார். பலகை வாசலில் சேர்த்தியா, ரோட்டில் சேர்த்தியா என்று மறுபடி ஒரு பேச்சு எழுந்தது. ரோட்டில்தான் சேர்த்தி, வாங்க மச்சான் என்று வீட்டுக்காரர் கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிட்டார். அண்ணன் பலகையைப் பார்த்தார். ஒரு காலை எடுத்து வைக்கப் போவது போல இருந்தது. வைக்கவில்லை.

மாமன் உள்ளே வர முடியாது. மாமன் மாலை போடாமல் பெண் வெளியே வரக்கூடாது. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. வேன் டிரைவர் ஹாரன் அடித்தான். என் மகள் அலங்காரத்தோடு கதவுக்குப் பின்னால் நின்று பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். என் வயிற்றில் பிறந்தவள்தானே.

"எனக்கு டைம் ஆயிடுச்சும்மா," என்று சொல்லிவிட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தானாகவே படி இறங்கினாள். பலகையைத் தாண்டினாள். மாமா முன்னால் நின்று தலையைக் குனிவாள் என்று நான் நினைத்தேன். அவரும் நினைத்தார், மாலையைத் தூக்கினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நேராக வேனில் போய் ஏறினாள். தூக்கிய மாலை தூக்கியபடி இருந்தது. நான் ஓடிப்போய் அதை அவர் கையிலிருந்து வாங்கி வேன் ஜன்னல் வழியாக அவள் மடியில் போட்டேன். ஈப்போ வரைக்கும் அது மடியிலேயே இருந்தது. அவள் போட்டுக்கொள்ளவும் இல்லை, எடுத்து வைக்கவும் இல்லை.

மண்டபத்துக்காவது அவரை வரச் சொல்லி அண்ணியை அனுப்பியிருந்தேன். மண்டபம் யார் வீடும் இல்லையே. "மாலையப் போட வழியில்லாதவன் சாப்பிட மட்டும் வரணுமா?" என்றாராம். அண்ணி மட்டும் வந்தார், சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகும் அண்ணனும் என் வீட்டுக்காரரும் ஒரே மெஷினைத்தான் பிடித்தார்கள். கல்யாணத்து அன்று முதல் பேச்சு மட்டும் நின்றுபோயிற்று. நிறுத்தியது வீட்டுக்காரர்தான். மகள் மாலை இல்லாமல் போனதை அவரால் தாங்க முடியவில்லை. பின்னால் பை தூக்கி வந்த பங்களாதேஷ் பையனிடம், "பாய், அவர கொஞ்சம் மெதுவா போகச் சொல்லு," என்பாராம். அண்ணன், "பாய், நான் மெதுவாத்தான் போறேன்னு சொல்லு," என்பாராம். அவன் பாவம், இரண்டு பக்கமும் பார்த்துச் சிரிப்பானாம். ஒருநாள் மேலேயிருந்து பார்த்தேன். அவர்கள் வெட்டிய நிரை ஒன்றுகூடக் கோணலாக இல்லை. அதைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணனுக்கு வயதாகி வேலை முடிந்தது. வேலை முடிந்தால் தோட்டத்து வீடும் முடிந்தது. கிள்ளானில் இருக்கும் மகன் அழைத்துப் போக கார் கொண்டு வந்தான். சாமான் அதிகமில்லை. சாமியார் படத்தைத் துணியில் சுற்றி அண்ணி மடியில் வைத்திருந்தார். கார் கீழ் லயத்துக்கு வந்ததும் அண்ணன் நிறுத்தச் சொல்லி இறங்கினார். பலகைக்கு அந்தப் பக்கம், அதே இடத்தில் நின்றார்.

உள்ளே போய் டீ போட்டு டம்ளரில் கொண்டு வந்தேன். பலகையைத் தாண்டிப் போய்க் கொடுத்தேன். நின்றுகொண்டே ஊதி ஊதிக் குடித்தார்.

"அந்தப் படத்துல," என்றார். படத்தைப் பற்றி அவர் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. "சாமி உள்ள போகலதானே?"

"போகல அண்ணே. தண்ணி குடிச்சிட்டு வாசல்லேருந்தே போயிட்டாரு."

தலையை ஆட்டினார். என் தோளுக்கு மேலே வீட்டுக்குள் ஒருமுறை பார்த்தார். அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியை மகள் போனபிறகு நான் ஜன்னலோரம் நகர்த்திவிட்டிருந்தேன். அதைத் தேடினாரா என்று தெரியவில்லை. டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார்.

அந்தக் காட்சி இவ்வளவு நீளமா என்று தியேட்டரில் முனகியவள் நான். என் வாசலில் அது சீக்கிரமே முடிந்துவிட்டது. கார் வளைவில் திரும்பியபோது டம்ளரில் பாதி டீ இருந்தது, இன்னும் சூடாகவே இருந்தது.